பழைய நிக்கோன் டி50 கமராவில் 32 ஜீபி மெமரி காட் ஏன் வேலை செய்யவில்லை? எதை வாங்குவது?

சித்தப்பா 2005 இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நிக்கோன் டி50 கமராவில், நல்லூர்த் தேரைப் படம் பிடிப்பதற்காக யாழ்ப்பாணத்தில் புதிதாக வாங்கிய 32 ஜீபி காட்டைப் போட்டதாகவும், கமரா அதை ஏற்கவில்லை என்றும், கமரா பழுதாகிவிட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கமரா பழுதாகவில்லை. நானும் அதே கமராவைத்தான் பல வருடங்களாகப் பாவிக்கிறேன். முதல் மாதத்தில் எனக்கும் இதுவே நடந்தது.

டி50 வெளிவந்த ஆண்டு 2005. நீங்கள் வாங்கியது எஸ்டிஎச்சி என்ற வகை. அதற்கான தரநிலை வந்தது 2006 இல். டி50 இற்கென வந்த பழைய எஸ்டி காட்டும் இதுவும் அளவிலும் உருவத்திலும் ஒன்றுதான், ஒரே துவாரத்தினுள் இறுக்கமில்லாமல் போகும், அதனால்தான் கடைக்காரரும் நாமும் ஏமாந்துபோகிறோம். ஆனால் பழைய எஸ்டி காட்டிடம் கமரா ஓர் இடத்தைக் கேட்கும்போது ஒவ்வொரு பைட்டாக எண்ணி விலாசம் சொல்லும். எஸ்டிஎச்சி காட்டோ 512 பைட் கொண்ட துண்டுகளாக எண்ணிச் சொல்லும்படி எதிர்பார்க்கும். இந்தப் புதிய பேச்சு வழக்கம் டி50 இற்குத் தெரியாது. ஆகவே கணினியில் அந்தக் காட்டை 2 ஜீபி பகுதியாகச் சுருக்கிப் போட்டாலும் பயனில்லை. பலர் இதைச் செய்துபார்த்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்குகிறார்கள். 2006 இன் இறுதியில் வந்த டி40 எஸ்டிஎச்சியை ஏற்கும். வேறு சில கமராக்களுக்குத் தயாரிப்பாளர்களே பின்னர் மென்பொருள் மேம்படுத்தல் கொடுத்தார்கள்.

ஆகையால் காட்டின் கொள்ளளவுக்கு முன், எஸ்டி (SD) சின்னத்தின் அருகில் எச்சி (HC) அல்லது எக்ஸ்சி (XC) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாத வெறும் எஸ்டிதான் உங்களுக்கு வேண்டியது. அது 2 ஜீபியோடு நின்றுவிடும். எச்சி 32 ஜீபி வரை போகும், எக்ஸ்சி அதற்கும் மேலே. 2003, 2004 காலத்துச் சிறிய கமராக்கள் சிலவற்றில் 2 ஜீபி காட்டும் தடுமாறும், ஏனெனில் அந்த அளவிலுள்ள காட்கள் தம் கொள்ளளவை 1024 பைட் துண்டுகளாகக் கணக்கிட்டு அறிவிக்கின்றன, அந்தக் கமராக்களோ 512 பைட் துண்டுகளையே எதிர்பார்க்கின்றன. அப்படிப்பட்ட கமராவுக்கு 1 ஜீபி காட்டே நிம்மதி.

புதிய 2 ஜீபி காட் இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளில் பழைய நொக்கியா கைபேசி ஒன்று அலுமாரி இழுப்பறையில் கிடக்காமல் இருக்காது, அதற்குள் 2 ஜீபி மைக்ரோ எஸ்டி காட்டும் பெரும்பாலும் இருக்கும். அதை எஸ்டி காட் அளவிலான அடாப்ரர் ஒன்றில் செருகி டி50 இல் போட்டேன். இன்றுவரை குறைவின்றி ஓடுகிறது. அடாப்ரரின் பக்கத்தில், காட்டில் எழுதுவதைத் தடுக்கும் சிறிய பூட்டுத் தள்ளி தளர்ந்திருந்தால், காட் பூட்டப்பட்டிருக்கிறது என்று கமரா சொல்லும். ஒரு சிறு துண்டு செலோரேப்பால் அதைத் திறந்த நிலையில் ஒட்டிவிடலாம். கடற்காற்றில் காட்டின் பின்புறத்து ஒன்பது உலோகப் பட்டிகள் மங்கி நிறம் மாறியிருந்தால் ஐசோபுரோப்பைல் மதுசாரம் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகு போடுங்கள்.

2 ஜீபி போதுமா என்று தயங்க வேண்டாம். 6 மெகாபிக்சல் கமராவில் உயர்தர ஜேபெக் படம் ஏறக்குறைய 3 எம்பி. 600 படங்களுக்கு மேல் கொள்ளும். தேரன்று காலையில் அதற்கு மேல் எடுக்க நேரமும் இல்லை, சனநெரிசலில் கைதூக்க இடமும் இல்லை. இரண்டு காட்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஏதாவது நடந்தால் மற்றது தப்பும்.

நான் நட்டப்பட்டது வேறோர் இடத்தில். சில வருடங்களுக்கு முன் என்னிடமிருந்த இன்னொரு கமராவுக்காக நகரத்துக் கடையொன்றில் மலிவாக வாங்கிய 32 ஜீபி காட், உண்மையில் மிகக் குறைந்த கொள்ளளவுடையது. மச்சாளின் கலியாணத்தில் தாலி கட்டும் படங்கள் மேற்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்தன. பிற்பகுதிப் படங்கள் திறக்கவே இல்லை. அவை திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு எந்தக் காட்டையும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதாக எழுதி, திரும்ப வாசித்துப் பார்த்த பின்னரே பாவிக்கிறேன். உங்களுடையதையும் அப்படிச் சோதித்துவிட்டு, கடைசியில் கணினியில் அல்லாமல் கமராவிலேயே ஃபோர்மற் செய்யுங்கள்.

ஒலிம்பஸ், புஜி, சோனி போன்றவற்றின் பழைய கமராக்களில் எக்ஸ்டி, மெமரி ஸ்ரிக் போன்ற வேறு காட்கள் உண்டு, அவற்றுக்கு எஸ்டி பொருந்தாது. கொம்பாக்ட் பிளாஷ் என்ற காட் போடும் கமராக்களின் துவாரத்தினுள் 50 ஊசிகள் இருக்கும். காட்டைச் சரிவாகத் திணித்தால் ஊசி வளைந்துவிடும்.

உங்கள் சித்தப்பாவின் கமராவுக்குள் ஏற்கனவே ஒரு பழைய காட் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோதிக்கவோ ஃபோர்மற் செய்யவோ முதலில் போகாதீர்கள். பூட்டுத் தள்ளியைப் பூட்டிய நிலைக்குத் தள்ளி, கணினியின் காட் ரீடரில் போட்டு, அதிலுள்ள எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். 2005 இல் எடுத்த முகங்கள் அதில் இருக்கக்கூடும்.