புது கிளாசிக் எடுத்தவர்கள் கேட்டவை: கேள்வி பதில்

வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா ஓட்டிய 1989-ஆம் வருட இரும்பு எஞ்சின் புல்லட். இன்னொன்று 2022-இல் நான் எடுத்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. நான் மெக்கானிக் கிடையாது. மெக்கானிக் பக்கத்தில் ஸ்டூல் போட்டு முப்பது வருடம் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். புதிதாக வண்டி எடுத்தவர்கள் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

அண்ணா, கிளாசிக் 350 டெலிவரி எடுத்து நாலு நாள்தான் ஆகிறது. நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது. முதல் கியர் போட்டதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. டிஃபெக்ட் வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்களா? (கல்லூரி மாணவர், ஆவடி)

சைடு ஸ்டாண்டை எடுங்கள் தம்பி.

ஸ்டாண்ட் கீழே இருக்கும்போது கியர் விழுந்தால் எஞ்சின் அணையும்படிதான் இப்போதைய வண்டிகளைச் செய்கிறார்கள். இதன் கூடப்பிறந்த இன்னொரு கேள்வியும் மாதா மாதம் வரும்: ‘செல்ஃப் அடித்தால் சத்தமே இல்லை.’ வலது கைப்பிடிப் பக்கம் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதல்லவா, வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்க வந்த யாரோ ஒரு குட்டிப் பயல் அதைத் திருகிவிட்டுப் போயிருப்பான். என் சித்தப்பா மகன் இதற்காகக் காலை ஆறு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் வந்தான். நான் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டக் கூடாது என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ஷோரூம் பையன் ‘சும்மா ஓட்டுங்க சார்’ என்கிறான். யார் சொல்வது சரி? (வங்கி ஊழியர், ஓசூர்)

இருவரும் பாதிப் பாதி.

புது எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றோடொன்று பழகியிருக்காது. பழகும்போது உரசித் தேய்ந்து வரும் உலோகத் தூள் எண்ணெயில் கலக்கும். முதல் சர்வீஸை 500 கிலோமீட்டரிலேயே வைத்து எண்ணெயை மாற்றச் சொல்வது அதனால்தான். அந்த சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு போவது நல்லதில்லை. எதிர்வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஐந்தாவது கியரில் நாற்பதில் மேம்பாலம் ஏறினால் எஞ்சின் ‘டம் டம்’ என்று திணறும். கேட்பதற்குப் பழைய புல்லட் மாதிரி சுகமாக இருக்கும். எஞ்சினுக்கு அதுதான் தண்டனை. கியரைக் குறையுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதீர்கள், ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்காதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டர் வரை எவ்வளவு வேகம் என்று அட்டவணையே இருக்கிறது. அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வண்டியை நிறுத்திய பிறகு சைலன்சர் பக்கம் ‘டிக் டிக்’ சத்தம். எஞ்சினிலிருந்து வரும் குழாய் வளைவில் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறுகிறது. முதல் நாள் கருகிய வாடை வேறு. (இல்லத்தரசி, திருச்சி, வண்டி கணவருடையது, கவலை என்னுடையது)

மூன்றும் சாதாரணம்மா. சூட்டில் விரிந்த இரும்பு ஆறும்போது சுருங்குகிற சத்தம் அது. நிறம் மாறுவது சூட்டினால், அதைத் தேய்த்துப் போக்கலாம் என்று பாலிஷோடு உட்கார வேண்டாம், திரும்ப வரும். வாடை, தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்பு எண்ணெய் எரிவது. ஒரு வாரத்தில் போய்விடும். பத்து நாள் கழித்தும் வாடை வந்தால் மட்டும், எஞ்சின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று இரவில் ஒரு அட்டையை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். அப்புறம், குட்டைப் பாவாடை போட்ட குழந்தையை அந்தக் குழாய்ப் பக்கம் இறக்கிவிடாதீர்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

என் உயரம் ஐந்தடி இரண்டு. கிளாசிக் வாங்க ஆசை. ஷோரூமில் உட்கார்ந்தால் கால் நுனிதான் தரையைத் தொடுகிறது. முடியாதா அண்ணா? (ஆசிரியை, கோவை)

முடியும். ஆனால் உயரத்தைவிட எடையைத்தான் யோசிக்க வேண்டும். சீட் 805 மில்லிமீட்டர், வண்டி 195 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது. சரிவில் மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்திவிட்டுப் பின்னால் இழுக்க வேண்டி வரும்போதுதான் தெரியும். எங்கே நிறுத்தினாலும் வெளியே எடுக்கும் திசையை முதலில் பார்த்துவிட்டு நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சிக்னலில் இரண்டு காலும் ஊன்ற வேண்டியதில்லை. பின் பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டு இடது பாதத்தை முழுதாக ஊன்றினால் போதும். கொஞ்சம் கனமான அடிப்பாகம் உள்ள ஷூ ஒரு செண்டிமீட்டர் தரும். அதற்கும் மனசு ஒப்பவில்லையா, மீட்டியோர் 350-இன் சீட் 765 மில்லிமீட்டர்தான், எஞ்சின் அதே குடும்பம். ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சஸ்பென்ஷனை வெட்டி வண்டியைத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

வண்டி வந்த அன்றே சைலன்சர் மாற்றலாம் என்று இருக்கிறேன். சத்தமே இல்லை. எது நல்லது? (பெயர் வேண்டாம் என்கிறார், சேலம்)

எதுவும் நல்லதில்லை. சட்டப்படி அது குற்றம். போலீஸ் பிடித்துக் கழற்றி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். வாரண்டி விஷயத்திலும் சண்டை வரும்.

அதை விடுங்கள். எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. புது வண்டியின் சத்தம் உங்களுக்கு இன்னும் தெரியாது. செயின் தளர்ந்தால் ஒரு சத்தம், எஞ்சின் தலையில் வால்வைத் தள்ளும் டேப்பெட் தட்டினால் ஒரு சத்தம், லெக் கார்டு போல்ட் லூஸானால் ஒரு சத்தம். அதையெல்லாம் காது பிடிக்க ஒரு ஆயிரம் கிலோமீட்டராவது வண்டியை வந்தபடியே ஓட்ட வேண்டும். முதல் நாளே வெடிச் சத்தத்தை மாட்டிவிட்டால் வண்டி உங்களிடம் சொல்ல வருவது எதுவும் கேட்காது. லெக் கார்டு, பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாய்மானம், மழைக்காலத்துக்கு ஒரு பை என்று இந்த மூன்றைத் தவிர முதல் இரண்டு மாதம் எதையும் மாற்றாதீர்கள். சென்னையில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு எங்கேயும் ஓடிப்போகாது.

அப்பா காலத்து புல்லட்டின் ‘டுக் டுக்’ புது வண்டியில் ஏன் இல்லை? ஏமாற்றமாக இருக்கிறது. (ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர்)

ஏமாற்றம் நியாயம்தான் சார். எனக்கும் இருந்தது.

பழைய எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகும் தூரம் 90. நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், நிதானமான சுழற்சி. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். புது எஞ்சின் 72-க்கு 85.8. அதிர்வைச் சமன்செய்ய உள்ளே தனியாக ஒரு பேலன்சர் தண்டும் சுழல்கிறது. எண்பதில் போகும்போது கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பரைப் படிக்க முடிவது அதனால். பழையதில் லாரி வருகிறது என்பதே குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1955-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர, புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. தாய் நிறுவனம் 1970-இல் மூடிய பிறகும் இங்கே நிற்காமல் ஓடியது. அத்தனை வருடம் பெரிதாக மாறாமல் இருந்ததுதான் அந்தச் சத்தத்துக்கு நம் காது பழகக் காரணம். புதியதற்கு ஒரு மழைக்காலம் தாருங்கள்.

1987 மாடல் புல்லட் ஒன்று விலைக்கு வருகிறது. முதல் வண்டியாக வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்? (மென்பொருள் ஊழியர், சென்னை)

தினமும் ஆபீஸ் போக அது ஒன்றுதான் வண்டி என்றால் வேண்டாம். வீட்டில் ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் வாங்கலாம்.

எஞ்சினுக்கு முன்னால் காகிதம். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் பெயின்ட் அப்பியிருந்தால் தின்னர் கொண்டுபோய்த் துடைத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். ‘அதெல்லாம் பண்ணிக்கலாம் பாஸ்’ என்று விற்பவர் சொன்னால், பண்ணிவிட்டே கொடுங்கள் என்று சொல்லுங்கள். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இது மூளைக்குப் புரிந்துவிடும், காலுக்குப் புரிய மாதம் பிடிக்கும். நான் இருபது வயதில் அப்பா வண்டியை முதன்முதலில் சந்தைப் பக்கம் எடுத்துப் போனேன். குறுக்கே தள்ளுவண்டி வந்தது, பிரேக் என்று நினைத்து வலது காலால் அழுத்தினேன், வண்டி கியர் மாறிப் போய்த் தக்காளிக் கூடையில் நின்றது. தக்காளிக்குப் பணம் கொடுத்தவர் அப்பா. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். காலி மைதானத்தில் நாலு நாள் பழகுங்கள்.

கடைசியாக உதை. காளை மாதிரி ஏறி ஏறி மிதிக்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களுக்காக மிதிக்கிறார்கள். முறை இதுதான்: சாவியைப் போட்டு ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும், மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெல்ல இறக்க இறக்க முள் ஒரு பக்கம் சாயும், ஓரிடத்தில் நடுவுக்கு வரும், கிக்கரும் கல்லாக இறுகும். அங்கே சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை இறக்குங்கள். லீவரை விட்டுவிட்டுக் கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரே உதை. சரியாகச் செய்தால் அறுபது வயது அப்பா செருப்புக் காலோடு ஸ்டார்ட் செய்வார். தப்பாகச் செய்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கெண்டைக்கால் ஒரு வாரம் பேசும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாமா? (திண்டுக்கல்)

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் யோசிக்க வேண்டாம். மேலே சொன்ன 1987 மாதிரி கார்புரேட்டர் வண்டி என்றால் ரப்பர் குழாய்களை அடிக்கடி பாருங்கள், விறைத்திருந்தால் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோலை டேங்கில் வைத்து ஊறவிடாதீர்கள்.

கடலிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. மூன்று மாதத்தில் ஸ்போக்கில் துரு. கிளாசிக் எடுத்ததே தப்பா? (தூத்துக்குடி)

தப்பில்லை, துணிதான் தப்பு. வண்டியைத் துணியால் மூடி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரவில் அந்தத் துணி உப்பு ஈரத்தைக் குடித்துக் க்ரோமோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். திறந்தே நிறுத்துங்கள், கூரை மட்டும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஸ்போக் நிப்பிள்களில் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் ஒரு ஓட்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவாமல் இருப்பதே மேல். அதே கையோடு, ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் (செயினுக்கான மசகு) அடியுங்கள்.

ஸ்போக் வீலா, அலாய் வீலா? (மதுரை)

அழகுக்கு ஸ்போக். பஞ்சருக்கு அலாய். ஸ்போக்கில் டியூப் இருக்கிறது, ஆணி ஏறினால் வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும், இரவு பத்து மணிக்குத் திருமங்கலம் தாண்டி அது நடந்தால் அழகு ஞாபகம் வராது. நான் ஸ்போக்தான் வைத்திருக்கிறேன். பையில் உபரி டியூப் இரண்டு, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

முதல் சர்வீஸ் முடிந்தது. கொல்லிமலை போகலாமா அண்ணே? (நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவு. போங்கள், ஆனால் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டுமே நம்பினால் பாதி வழியில் டிஸ்க் சுட்டுவிடும். கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள், பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் போய்ச் சூடான டயரில் அளந்தால் கணக்கு தப்பும். பின்னால் யார் உட்காருகிறார்கள் என்று சொல்லவில்லையே. ஆள் உண்டு என்றால் பின் டயருக்கு இருவருக்கான அளவு. அவருக்கும் ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள்.