மண்ணுக்குள் கிடைத்த காசு என்பதாலேயே அசலாகிவிடுமா?

மெட்டல் டிடெக்டரில் தேடும்போது 1862 என்று போட்ட விக்டோரியா ஒரு ரூபாய் கிடைத்தது, மண்ணுக்குள் இருந்ததால் அசலாகத்தான் இருக்கும் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘இருந்ததால்’தான் இடிக்கிறது. இதே கணக்குப் போட்டு நானும் ஒரு முறை அசடு வழிந்திருக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டுக் கொல்லை. மச்சான் ஆன்லைனில் ஒரு டிடெக்டர் வாங்கி வந்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் ஆணி, மாட்டு லாடம், சோடா மூடி. அப்புறம் கிணற்றடியில் நாலைந்து அம்மன் காசு, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பழைய செப்புக் காசு. கடைசியில் ஒரு சாண் ஆழத்தில் கறுத்துப்போன பெரிய காசு ஒன்று, உங்களுடையது மாதிரியே 1862. வீடே கூடிவிட்டது. மச்சான் அன்றைக்கே விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் உரைகல்லைக் கையில் எடுக்கவே இல்லை. தராசில் வைத்தார், 9.85 கிராம். காசைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார், சிரித்தார். “வார்த்த காசு தம்பி” என்றார், அவ்வளவுதான். அச்சில் அடித்ததில்லை, உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த போலி என்று அர்த்தம்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1835 முதல் அடித்த ரூபாயும் அதன் பின் வந்த விக்டோரியா ரூபாயும் ஒரே அளவுதான்: 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. ஒரு தோலா என்பதே ஒரு ரூபாயின் எடைதான். அதனால் எடையில் பெரிய சமாதானம் எதுவும் சொல்ல முடியாது. பல கை மாறித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் கிட்டத்தட்ட இரண்டு கிராம் குறைய வழியே இல்லை.

எடை சரியாக இருந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள், தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். அந்த ரூபாயின் வெள்ளிக் கலவைக்கு 10.3 பக்கம் வர வேண்டும். எங்கள் காசு தண்ணீரில் 1.16 காட்டியது, வகுத்தால் 8.5. பித்தளை வகையறா. அப்பத்தாவின் பெட்டியில் கிடந்த இன்னொரு ரூபாயை ஒப்பிட்டுப் பார்த்தோம்: 11.52 கிராம், தண்ணீரில் 1.12, கணக்கு 10.3-க்கு வந்து நின்றது.

விளிம்பு அடுத்தது. என்னைக் கேட்டால் முகத்தைவிட விளிம்புதான் உண்மை பேசும். அச்சில் அடித்த ரூபாயின் விளிம்பைச் சுற்றி வரிவரியாக ஒரே சீராகக் கோடுகள் ஓடும். வார்த்த காசில் இரண்டு வார்ப்பு அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு தையல் தெரியும். அதை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த இடத்தில் வரிகள் மழுங்கியிருக்கும். எழுத்துகளும் சோப்பில் செதுக்கியது மாதிரி வழவழவென்று இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிக் குத்து மாதிரி குழிகள் தெரியும். ஆனால் மண்ணில் அரித்த நல்ல காசிலும் குழி விழும் என்பதால் குழியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எழுத்தையும் ஒரு தடவை படியுங்கள். 1862 ரூபாயில் ராணிக்கு ‘விக்டோரியா குயின்’ என்றுதான் இருக்கும். ‘எம்ப்ரெஸ்’ என்பது 1877-க்கு அப்புறம் வந்தது. 1862 போட்டு எம்ப்ரெஸ் என்றும் இருந்தால் தராசை எடுக்கும் வேலையே மிச்சம். இன்னொன்று, 1862 என்ற வருடத்தை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். அசலாகவே இருந்தாலும் அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காந்தத்தில் ஒட்டினால் போலி, சரி. ஒட்டாவிட்டால் அசல் என்று ஆகிவிடாது, பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. சுண்டிப் பார்ப்பதும் அப்படித்தான். கணீரென்று கேட்டால் நல்ல அறிகுறி, ஆனால் விரிசல் விட்ட நல்ல காசும் சொத்தென்று கேட்கும்.

கொல்லையில் கிடைத்த அம்மன் காசுகளில் வேறொரு பாடம். இரண்டு கோணல்மாணலாக இருந்தன, மற்றவை வட்டமாக, ஒரே அச்சு வார்த்தது போல. கோணலானவைதான் பழசு, வட்டமானவை போலி என்று மச்சான் சாதித்தார். இரண்டுமே அசல். பிருகதாம்பாள் ஒரு பக்கமும் தெலுங்கில் ‘விஜய’ என்று மறுபக்கமும் இருக்கும் அந்தக் காசை முதலில் கையால் அடித்தார்கள், பின்னால் இயந்திரத்தில் அடித்தார்கள். அந்தந்தக் காசு எப்படி அடிக்கப்பட்டது என்று தெரியாமல் அழகை வைத்து எடை போடக் கூடாது.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 ‘கம்பெனி அரை அணா’ கிடைத்து, அதற்கு அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் சக்தி இருக்கிறது என்று எவராவது ஏமாற்ற வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. சாமி படம் இருப்பதாலேயே போலி என்று சொல்லவில்லை. மதராஸில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகனில் பெருமாள் நிற்கிறார். அது தங்கம், வேறு கதை.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நாங்கள் ஒரு அம்மன் காசைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினோம், களிம்போடு எழுத்தும் போய்விட்டது. வெறும் தண்ணீரில் மண்ணைக் கரைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆம், அந்தப் பத்து ரூபாய்தான். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் டிடெக்டரும் கையுமாகத் தோண்டுகிற யோசனையே வேண்டாம்.

சரி, எங்கள் பித்தளை ரூபாய் எப்படி மண்ணுக்குள் போனது? அதற்கு அப்பத்தாவிடம் பதில் இருந்தது. அவருடைய மாமனார் ஒரு நெல் வியாபாரியிடம் ஏமாந்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கிணற்றடியில் எறிந்த காசாம் அது. கதை நிஜமோ என்னவோ, காசின் மேலிருந்த கறுப்பைப் பார்த்தால் அதுவும் பழைய காசுதான். அந்தக் காலத்திலேயே வார்த்த கள்ளக் காசு. அதை இன்னும் அசல் ரூபாயோடு அதே பெட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறார்.

உங்கள் காசின் எடையையும் விளிம்பின் படத்தையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ராணியின் முகம் வேண்டாம், விளிம்பு.