பச்சை நிறத்தைப் பார்த்தால் போதாதா, செடியின் ஒளிர்வைச் செயற்கைக்கோள் ஏன் அளக்க வேண்டும்?

போதாது. தண்ணீரில்லாமல் ஒளிச்சேர்க்கை குறைந்த பிறகும் பயிர் சில நாள் பச்சையாகவே தெரியும். பச்சையம் உறிஞ்சும் ஒளியில் சுமார் 1 முதல் 2 சதவீதம் மங்கலான சிவப்பு, அகச்சிவப்பு ஒளிர்வாக வெளியே வரும். ஒளிச்சேர்க்கை கூடினால் பெரும்பாலும் இதுவும் கூடும்.

சரி, பட்டப்பகலில் இதைச் சூரிய ஒளியிலிருந்து எப்படிப் பிரிப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சூரிய நிறமாலையில் ஃபிரான்ஹோஃபர் கோடுகள் என்ற இருண்ட கோடுகள் உண்டு. செடியின் ஒளிர்வு அந்த இருட்டைச் சற்றே நிரப்பும். அதைத்தான் கருவி அளக்கிறது.

இந்த ஒளிர்வை வைத்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்திலும் கங்கைச் சமவெளியிலும் பயிர்களின் மொத்த ஒளிச்சேர்க்கை கணினி மாதிரிகள் சொன்னதைவிட 50 முதல் 75 சதவீதம் அதிகம் என்று காட்டியது. அப்புறம், ஒளிர்வு அளவிலிருந்து ஒளிச்சேர்க்கையின் அளவைக் கணக்கிட, பயிருக்கும் காற்றுக்கும் இடையிலான கார்பன் பாய்வைத் தரையில் அளக்கும் கோபுரங்களின் தரவும் வேண்டும்.