தொய்ந்த கயிறும் அவிழ்ந்த கயிறும்

அன்புள்ள சார்,

ஒரு கடல் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். படகின் நங்கூரக் கயிறு ஓரிடத்தில் ‘ஸ்லாக்’ ஆகிறது, நாலு பக்கம் தள்ளி ‘லூஸ்’ ஆகிறது. இரண்டு இடத்திலும் ‘கயிறு தளர்ந்தது’ என்றே எழுதினேன். படித்த நண்பர், “முதல் தடவை தளர்ந்தபோது போகாத படகு இரண்டாம் தடவை மட்டும் ஏன் போகிறது?” என்கிறார். இரண்டும் ஒன்றுதானே சார்?

ர.

அன்புள்ள ர.,

அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள். அடுத்த புத்தகத்துக்கும் தேவைப்படுவார்.

வீட்டில் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். கட்டி நாளானால் நடுவில் தொங்கும். புடவையைப் போட்டால் முந்தானை தரையைக் கூட்டும். ஆனால் இரண்டு முனையிலும் முடிச்சு கல் மாதிரி இருக்கும். இது ஸ்லாக். முடிச்சே நழுவிவிட்டால் அது லூஸ். முன்னதில் இழுப்புதான் குறைந்தது, பின்னதில் பிடியே போய்விட்டது. உங்கள் கதையிலும் காற்று தணிந்து, படகு நங்கூரத்தின் பக்கம் வந்ததும் கயிறு தொய்ந்திருக்கும். படகு எங்கும் போகாது. நாலு பக்கம் கழித்து அவிழ்ந்துகொண்டது, போய்விட்டது.

‘ஹோம்லெஸ்’, ‘ஜாப்லெஸ்’ என்கிறோமே, அந்த ‘லெஸ்’ஸும் லூஸும் ஒரே வேரில் வந்தவை. விட்டுப்போனது என்ற பொருள் அதில் ஆதியிலிருந்தே இருக்கிறது.

நமக்குக் குழப்பம் வரக் காரணம், நாம் எல்லாவற்றையும் லூஸ் என்பதுதான். ஆடும் பல் லூஸ், சரி. பாக்கெட்டில் அடைபடாத எண்ணெய் லூஸ், அதுவும் சரி. ‘பைக் செயின் லூஸ்’ என்கிறோமே, அது ஆங்கிலத்தில் ஸ்லாக். மெக்கானிக் குனிந்து, செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பது அதைத்தான். சின்ன பைக்குகள் பலவற்றில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை அந்த ஆட்டம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது செயின் விறைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்றுவிடும். அதே பின்சக்கரத்தின் நட் லூஸ் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவரும் ஏறமாட்டார்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொய்வு, நெகிழ்வு, கழலுதல், அவிழ்தல் எல்லாம் இருக்க, நாம் தளர்வையே பிடித்துத் தொங்குகிறோம். குறள் 1236-இல் ‘தொடியொடு தோள்நெகிழ’ என்று வருகிறது. வளை நெகிழ்வது கையில் பிடிப்பில்லாமல் கழல்வது. தோள் நெகிழ்வது கட்டு குலைந்து மெலிவது. ஒன்று லூஸ், மற்றது ஸ்லாக்குக்குப் பக்கத்தில் வரும். இரண்டையும் ஒரே வினை தாங்குகிறது. அதை ஆங்கிலத்தில் கொண்டுபோகிறவர் உங்களைவிட அதிகம் வியர்ப்பார்.

அப்புறம், கடல் கதை என்பதால் ‘ஸ்லாக் வாட்டர்’ என்றும் ஓரிடத்தில் வரலாம். கடல் ஏறி முடித்து இறங்கத் தொடங்கும் முன் நீரோட்டம் சற்று நிற்குமே, அந்த நேரம். அங்கேயும் ‘தளர்ந்த நீர்’ என்று போட்டுவிடாதீர்கள்.