கடல் தாண்டும் கடைக்கு எந்த கிளவுட்? சுங்கை சிப்புட்டில் ஒரு கேள்வி பதில்

கோலாலம்பூரில் பதினெட்டு வருடம் சர்வர் பார்த்துவிட்டு, பேராக்கில் உள்ள இந்த ஊருக்குத் திரும்பியவன் என்பதால், வெளிநாட்டு வாடிக்கையாளர் விவரத்தை எந்த கிளவுட்டில் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வரில்) வைப்பது என்று நம் சிறுதொழில் குழுவில் வந்த கேள்விகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. நான் வழக்கறிஞர் அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

மசாலைத்தூள் அக்கா: தம்பி, சிங்கப்பூரிலிருந்து மாதம் எண்பது, தொண்ணூறு ஆர்டர் வருகிறது. அவர்கள் விவரத்தைச் சிங்கப்பூர் சர்வரில்தான் வைக்க வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

இல்லை அக்கா. சிங்கப்பூரின் 2012 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை நாட்டைவிட்டு அனுப்பவே கூடாது என்று சொல்லவில்லை. போய்ச் சேரும் இடத்திலும் அதே அளவு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறது. நம் மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2024 திருத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது. சர்வரை இங்கேயே வைக்க நினைத்தாலும் இடம் இருக்கிறது. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவில் தரவு மையங்களைத் திறந்துவிட்டன. உங்கள் அளவு வியாபாரத்துக்கு இங்கே வைத்தாலும் சரி, சிங்கப்பூரில் வைத்தாலும் சரி, வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் போன சனிக்கிழமை கோப்பிக் கடையில் நாம் போட்ட படத்தை மறந்துவிடாதீர்கள். மற்றவர்களுக்காக அதை இங்கே சொல்கிறேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில், ஒரு வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் எங்கெங்கே போகிறது என்று அக்காவைக் கட்டம் கட்டமாக வரையச் சொன்னேன். இணையதளம் ஒரு கட்டம். ஆர்டர் வந்ததும் போகும் மின்னஞ்சல் இரண்டாவது. மகள் பராமரிக்கும் கூகுள் ஷீட் மூன்றாவது. பொட்டலம் கட்டும் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் போகும் படம் நான்காவது. கூரியர் நிறுவனத்தின் கணக்கு ஐந்தாவது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்புறம் என் பழைய போன், அதை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன்” என்றார். போனில் எதையாவது அழித்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். ஆக ஆறு கட்டம். அதில் ஹோஸ்டிங் (இணையதளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) ஒன்றே ஒன்றுதான். மற்ற ஐந்தைப் பற்றி அந்தப் பயமுறுத்தியவர் வாயே திறக்கவில்லை.

பலகார வியாபாரி: ஹோஸ்டிங் விற்பவர் “ஐஎஸ்ஓ 27001 (தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசச் சான்றிதழ்) இருக்கிறது, ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் ஒத்துவரும்” என்கிறார். அது போதுமா அண்ணே?

கடை வாடகைக்கு எடுக்கிறீர்கள். கட்டடத்துக்கு போம்பா (தீயணைப்புத் துறை) சான்றிதழ் இருக்கிறது. அதனால் உங்கள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்களா? அதே கணக்குதான். கட்டடம், மின்சாரம், வன்பொருள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடவுச்சொல், யார் யாருக்கு உள்ளே போக அனுமதி, மென்பொருளைப் புதுப்பிப்பது, தேவையில்லாத தரவை அழிப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. அவர்கள் சான்றிதழ் உங்கள் கடைக்குச் சான்றிதழ் ஆகாது.

விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: தரவைக் கையாள்வது பற்றிய தனி ஒப்பந்தம் உண்டா? வேலையை வேறு யாருக்காவது மறு ஒப்பந்தம் கொடுக்கிறார்களா, யாருக்கு? பேக்கப் (தரவின் மாற்றுப் பிரதி) எந்த நாட்டில் இருக்கிறது? (சர்வர் இங்கே சிலாங்கூர் சைபர்ஜெயாவில், பேக்கப் வேறு கண்டத்தில் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.) நாம் விலகினால் எத்தனை நாளில் அழிப்பார்கள், அதை எழுத்தில் தருவார்களா? இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் நம் சட்டத்தின் பாதுகாப்பு விதி, தரவைக் கையாளும் நிறுவனத்தையும் நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. அதனால் “அது உங்கள் பிரச்சினை” என்று அவர்கள் கை கழுவ முடியாது.

இணையத்தில் தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர்: லண்டனிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் சேர்கிறார்கள். பிராங்பர்ட்டில் சர்வர் வாங்கினால் பிரச்சினை தீருமா?

தீராது டீச்சர். 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (ஜிடிபிஆர்), உங்கள் சர்வர் எங்கே என்று பார்த்துப் பிடிப்பதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்களைக் குறிவைத்து விற்கிறீர்களா என்று பார்க்கிறது. யாரோ ஒரு மாமா தற்செயலாகப் பேரனைச் சேர்த்துவிட்டால் அது குறிவைப்பது ஆகாது. யூரோவில் கட்டணம் போட்டு, ஜெர்மனி நேரத்துக்கு வகுப்பு வைத்து, அங்கேயே விளம்பரமும் செய்தால் குறிவைக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்போது நீங்கள் இந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் சட்டம் உங்களைத் தேடி வரும். தொடர்ந்து நடத்துவதாக இருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை நியமிக்கும் கடமையும் வரலாம். பிரிட்டன் இப்போது ஒன்றியத்தில் இல்லை. அங்கே அதே சாயலில் தனிச் சட்டம் இருக்கிறது, எனவே கணக்கும் தனி.

பிள்ளைகள் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பிள்ளையின் சம்மதத்தை வைத்துத் தரவு சேர்ப்பதாக இருந்தால் ஜெர்மனியில் 16 வயது, பிரிட்டனில் 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே பெற்றோர் சம்மதம் தேவை. என்னைக் கேட்டால் வயது பார்க்காமல் எல்லோருக்கும் பெற்றோரிடமே வாங்கிவிடுங்கள். வகுப்பின் வீடியோப் பதிவுகளை (முகமும் குரலும் இருக்கிறதே) வருடக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். பருவம் முடிந்ததும் அழியும்படி அமைத்துவிட்டால் சேமிப்புச் செலவும் குறையும்.

கிளினிக் முன்பதிவு செயலி செய்யும் தம்பி: அடுத்து கோயம்புத்தூர் போகலாம் என்று இருக்கிறோம். மும்பையில் சர்வர் கட்டாயமா?

இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. அரசு தடுக்கும் நாடுகளுக்கு மட்டும் அனுப்பக் கூடாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். “இந்தியாவில்தான் வைக்க வேண்டும்” என்று நீ கேள்விப்பட்டது, பணப் பரிவர்த்தனைத் தரவு பற்றி ரிசர்வ் வங்கி 2018இல் போட்ட உத்தரவாக இருக்கும். அது பேமண்ட் நிறுவனங்களின் தலைவலி. ஆனாலும் நீ மும்பையிலேயே வை. மருத்துவத் தரவு என்றால் கிளினிக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மலேசியாவுக்கு ஒரு தரவுத்தளம், இந்தியாவுக்கு ஒன்று என்று இன்றைக்கே பிரித்துவிடு. நோயாளிகள் எண்ணிக்கை ஏறிய பிறகு பிரிப்பது பெரிய அவஸ்தை.

தரவு கசிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

2025 ஜூன் 1 முதல் மலேசியாவில், பெரிய பாதிப்பு தரக்கூடிய கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம். அதன்பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களிடம். சிங்கப்பூரில், அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான பிறகு 3 நாள். ஐரோப்பாவிலும் 72 மணி நேரம்தான்.

கசிவை விட அதிகமாக நான் பார்த்தது தொலைவது. ஒரு வாடிக்கையாளரின் கிளவுட் கணக்கு, வேலையை விட்டுப்போன ஒருவரின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தது. கிரெடிட் கார்டு காலாவதியானது, எச்சரிக்கை எல்லாம் அந்த முகவரிக்கே போனது, கணக்கு முடங்கியது. பேக்கப்பும் அதே கணக்குக்குள்தான். அமைத்தவன் நான், தப்பும் என்னுடையது. அன்றிலிருந்து ஒரு பேக்கப்பை வேறு கணக்கில், வேறு கார்டில் வைக்காமல் நான் எந்த வேலையையும் ஒப்படைப்பதில்லை.

கார்டு நம்பரை நாமே சேமித்து வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பேமண்ட் நிறுவனத்தின் பக்கத்துக்கே வாடிக்கையாளரை அனுப்பிவிடுங்கள்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று தனியாக ஆள் வைக்க வேண்டுமா?

மலேசியாவில் 20,000 பேருக்கு மேல் தரவு வைத்திருந்தால் அதிகாரி வேண்டும். உடல்நலம், நிதி போன்ற தரவு என்றால் 10,000க்கு மேல். சிங்கப்பூர்ச் சட்டத்துக்குள் வரும் நிறுவனம் எவ்வளவு சின்னதானாலும் ஒருவரை நியமிக்க வேண்டும். அது முதலாளியாகவே இருக்கலாம். அக்கா, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

உறுமி மேளம் அண்ணன்: தோட்டத்துப் பக்கம் மழை பெய்தால் கரண்ட் போகிறதே, கிளவுட்டும் போய்விடுமா?

சர்வர் அங்கே பத்திரமாக இருக்கும் அண்ணே. போவது உங்கள் வைஃபை மட்டும்தான். உங்களுக்கு நான் பயப்படுவது போன் தொலைவதற்கு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கும் குறியீடு) அந்த ஒரே போனில்தான் இருக்கிறது. போன் இல்லாமலும் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து பீரோவில் வையுங்கள். சாமி படத்துக்குப் பின்னால் வேண்டாம். அப்படி வைத்த ஒருவர் வீட்டில் தீபாவளிக்குச் சாயம் அடித்தபோது தாள் குப்பைக்குப் போய்விட்டது.