கோழிக்கு வலை, தேனீக்குப் புகை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “என்ன சாமான் வாங்கலாம்” ரகம். கோழி, தேனீ இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள், சரி. ஆனால் ஆசைப்பட்டு வாங்கி ஒரு தடவைகூடத் தொடாமல் போட்டுவைத்திருக்கும் சாமான்களே என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேள்வி: ஐந்து பெட்டைக் கோழிகளோடு ஆரம்பிக்கப் போகிறேன். கூண்டுக்குத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. வேறென்ன அவசியம்?

பதில்: எந்த வலை அடிக்கப் போகிறீர்கள் என்று எழுதவே இல்லையே! கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண்ணி போட்ட மெல்லிய கம்பிவலையைத்தான் தருவார்கள். பெயரை நம்பாதீர்கள். அது கோழியை வெளியே விடாது, அவ்வளவுதான். நாய் பல்லால் கவ்வி இழுத்தால் பிய்ந்து வந்துவிடும், எலியும் சின்னப் பாம்பும் கண்ணி வழியாகவே நுழைந்துவிடும். என் முதல் கூண்டுக்கு நானும் அதைத்தான் அடித்தேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மூலையில் வலை கிழிந்து கிடக்கிறது, உள்ளே இறகு மட்டும்தான் மிச்சம்.

அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தாவது இதை வாங்கிவிடுங்கள். சின்ன ஆணியை வளைத்து அடிக்காமல், திருகாணியோடு அகலமான வாஷர் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். தோண்டிக்கொண்டு வருகிற மிருகங்களுக்காக வலையை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கலாம். தோண்ட முடியாத தரை என்றால் கூண்டைச் சுற்றி வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைப் படுக்கப்போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிடுங்கள். வருகிற மிருகம் சுவரை ஒட்டித்தான் தோண்டும், நகத்தில் கம்பி தட்டும், இரண்டடி பின்னால் போய் ஆரம்பிக்கலாமே என்று பெரும்பாலும் அதற்குத் தோன்றாது.

உள்ளே, இரவில் ஏறி உட்கார இரண்டு அங்குல அகலத்தில் ஒரு மரக்கட்டை, விளிம்பை மட்டும் இழைத்து, கோழிக்கு எட்டு அங்குல இடம் என்று கணக்கு வையுங்கள். பிவிசி குழாய் வேண்டாம், வழுக்கும். முட்டையிட ஓர் அடிக்கு ஓர் அடி பெட்டி ஒன்று போதும். இரண்டு வைத்தாலும் ஐந்தும் ஒரே பெட்டிக்குத்தான் சண்டை போடும், அது ஏனென்று கோழிக்குத்தான் வெளிச்சம். பெட்டி அந்தக் கட்டையைவிடத் தாழ்வாக இருக்கட்டும், ஏனென்றால் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் கோழி தூங்கும், பெட்டி உயரத்தில் இருந்தால் அங்கேயே தூங்கி எச்சமிட்டு முட்டையெல்லாம் அழுக்காகிவிடும். அப்புறம், எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற, கோழியின் தலைக்கு மேலே காற்றுத் திறப்பு வேண்டும். அதற்கும் அதே வலைதான்.

கேள்வி: கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கிளறிச் சேறாக்கிவிடுகின்றன. நிப்பிள் நல்லதா?

பதில்: நல்லது. நிப்பிள் என்பது கோழி அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் சின்ன முனை. மூடியுள்ள ஒரு வாளியின் அடியில் துளை போட்டு அதைத் திருகினால் வேலை முடிந்தது. கோழி கழுத்தை நிமிர்த்திக் குடிக்கிற உயரத்தில் தொங்கவிடுங்கள். பழகும்வரை கிண்ணத்தையும் வைத்திருங்கள், சில நாளாகும். நிப்பிள் அடைத்துக்கொண்டால் வெளியே தெரியாது, தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும், வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு. தீவனக் குடுவையைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டால் சிந்தலும் பாதியாகக் குறையும்.

கேள்வி: தேனீ வளர்க்க ஆசை. உடை, கையுறை, புகைமூட்டி, உளி, பிரஷ், ராணித் தடுப்பு எல்லாம் பெட்டியோடு சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் எந்தத் தேனீ என்று முடிவு செய்யுங்கள். தேனீக்களுக்கு இடைவெளி விஷயத்தில் பிடிவாதம் அதிகம். சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளியை மட்டும் நடைபாதையாக விட்டுவைக்கும், அதைவிடக் குறுகலாக இருந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும், அகலமாக இருந்தால் அங்கே அடை கட்டிவிடும். 1851இல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் இதைக் கவனித்துப் பெட்டி செய்ததால்தான் இன்றைக்கு நாம் அடை கட்டிய மரச் சட்டங்களைப் பிய்க்காமல் தூக்கிப் பார்க்க முடிகிறது. அந்த அளவு இத்தாலியத் தேனீக்கு ஒன்று, உடல் சிறிய இந்தியத் தேனீக்கு வேறு. ராணித் தடுப்பு என்பது தேன் சேரும் மேல்பகுதிக்கு ராணி போகாமல் நிறுத்தும் தட்டி. அதன் இடுக்கும் அப்படித்தான், பெரிய இனத்துக்குச் செய்த தடுப்பில் சிறிய இனத்து ராணி சாவகாசமாக நுழைந்து போய்விடும். தொகுப்பு விற்பவர் இதையெல்லாம் கேட்காமலே எடுத்துக் கட்டுகிறார் என்றால் வாங்காதீர்கள்.

தனித்தனியாக வாங்குவதானால் முகவலை, புகைமூட்டி, சட்டங்களை நெம்பி எடுக்கும் உளி மூன்றும் முதலில். முகவலை முகத்தில் ஒட்டாமல் நிற்க வேண்டும், ஒட்டினால் வலைக்கு மேலிருந்தே கொட்டும். வெளிர் நிறத்தில் தளர்ந்த முழுக்கைச் சட்டை இருந்தால் தனி உடைக்கு அவசரமில்லை, கறுப்பும் ரோமத் துணியும் மட்டும் வேண்டாம். தடித்த கையுறை எனக்குப் பிடிக்காது, விரலுக்கு உணர்வு போய்த் தேனீக்களை நசுக்கிவிடுவோம். நசுங்கினாலும் கொட்டினாலும் அபாய மணம் ஒன்று கிளம்பும், கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை, அதை மோந்துவிட்டு மற்றவையும் பாய்ந்து வரும். புகையின் வேலையே அந்த மணத்தை மறைப்பதுதான். கூடவே, புகை பட்ட தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கொஞ்சம் மந்தமாகிவிடும்.

புகைமூட்டி என்பது துருத்தி வைத்த தகர டப்பா. சணல் சாக்குத் துண்டும் காய்ந்த சருகும் போட்டுப் பற்றவைத்து, புகையை உங்கள் உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள், சுட்டால் தேனீக்கும் சுடும், மேலே கொஞ்சம் பச்சைப் புல்லைத் திணியுங்கள். தேன்பெட்டியின் வாசலில் இரண்டு மூன்று ஊது, ஒரு நிமிடம் காத்திருந்து பெட்டியைத் திறங்கள். பாதி வேலையில் புகை அணைந்துவிடுவதுதான் புதியவர்களுக்கு வரும் பெரிய சோதனை, ஆகவே டப்பா நிறையப் போட்டுக்கொண்டு போங்கள். பிரஷ்ஷுக்குப் பதிலாக ஒரு பெரிய இறகு போதும், கோழி வளர்க்கிறவர்களுக்கு அதற்கா பஞ்சம்! கொட்டியபின் மூச்சுத் திணறினாலோ கொட்டாத இடமெல்லாம் தடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அதில் விளையாட்டு வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு பெட்டிதான். தேன் எடுக்கும் இயந்திரம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அடையை நசுக்கித் துணியில் வடிகட்டுங்கள், அல்லது வைத்திருப்பவரிடம் ஒருநாள் இரவல் வாங்குங்கள். இயந்திரத்தின் லாபம் அடை உடையாமல் மிஞ்சுவதுதான், ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவழிக்கின்றன. பெட்டி நான்கைந்து ஆகும்போது யோசிக்கலாம். எப்படி எடுத்தாலும் தேனீக்கள் கண்ணறைகளை மெழுகால் மூடியபிறகே எடுங்கள், அதற்கு முன் எடுத்த தேனில் ஈரம் அதிகம், புளித்துவிடும்.

கேள்வி: கோழித் தீவனத்தில் தேனீக்கள் மொய்க்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தது தப்பா?

பதில்: தப்பில்லை. பூ குறைந்த நாட்களில் தானிய மாவையே மகரந்தம் என்று நினைத்து அள்ளிக்கொண்டு போகும். தீவனத்தை மூடிவைத்து, கொஞ்சம் மாவைத் தள்ளி ஒரு தட்டில் வைத்துவிடுங்கள், அங்கே போய்விடும். தண்ணீருக்கும் அப்படியே, கூழாங்கல் போட்ட அகலமான தட்டு ஒன்று, கல்மேல் நின்று குடிக்கும். தேன்பெட்டியை இரண்டடி உயரத் தாங்கியில், வாசல் கூண்டைப் பார்க்காமல் வையுங்கள். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கீழே விழும் செத்த தேனீயையும் புழுவையும் கோழி பொறுக்கித் தின்றுவிடும்.

எனக்குள்ள ஒரே பயம் கோழிச்செள்ளுக்கு அடிக்கிற மருந்துதான். பெர்மெத்ரின் கலந்தவை தேனீக்குக் கொடிய நஞ்சு. அதை எடுப்பதற்கு முன், ஒரு பழைய தொட்டியில் மணலும் சாம்பலும் கலந்து வையுங்கள், கோழிகள் தாமாகவே இறங்கிப் புழுதிக் குளியல் போடும், செள்ளும் ஓரளவு அடங்கும். தொட்டியைத் தேன்பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அவை கிளப்புகிற புழுதியை ஒருமுறை பார்த்தால் ஏனென்று புரியும்.