சத்தம் இருக்கு, இழுவை இல்ல

(கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன் பக்கம் ரொம்ப வருஷமா அவுட்போர்டு என்ஜின், அதாவது போட்டு பின்னாடி மாட்டுற என்ஜின் பிரிச்சு மாட்டுற மெக்கானிக் ஒருத்தர் வாசகர்களுக்கு சொல்ற பதில்)

கேள்வி: அண்ணே வணக்கம். எங்ககிட்ட இருக்கிறது 25 ஹெச்பி டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், சுனாமிக்கு அடுத்த வருஷம் அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. மழை சீசன் மூணு மாசம் போட்ட கரையேத்தி வச்சிட்டு தை மாசம் எறக்குனோம். ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆயிடுது, ஸ்லோவுல நல்லாதான் நிக்குது, ஆனா ஃபுல்லா முறுக்குனா மொனகுதே தவிர போட்டு மூக்கத் தூக்க மாட்டேங்குது. முன்ன வலையோட நாலு பேரு ஏறுனாலும் பறக்கும். மெக்கானிக் ஒருத்தர் ப்ளக் மாத்துனாரு, கார்பரேட்டர் கழுவுனாரு, 2,500 ரூபா வாங்குனாரு, அப்படியேதான் இருக்கு. கழட்டுன ப்ளக்குல மேல உள்ளது கருப்பா ஈரமா இருந்துச்சு, கீழ உள்ளது காபி கலர். புதுசு வாங்கிடலாம்னு தம்பி சொல்றான். என்ன செய்யட்டும்?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: தம்பி, புது என்ஜின் பேச்ச மொதல்ல ஓரமா வை. பாதி பதில் உன் கேள்வியிலயே இருக்கு, கடைசியில போற போக்குல எழுதியிருக்க பாரு, மேல ப்ளக் ஈரம் கீழ ப்ளக் காபி கலர்னு, அதுதான் விஷயமே. அந்த மெக்கானிக் அந்த ரெண்டு ப்ளக்கையும் கையில வச்சு ஒரு நிமிஷம் பாத்திருந்தா கார்பரேட்டர்ல கை வச்சிருக்க மாட்டாரு. காபி கலர்னா அந்த சிலிண்டர் ஒழுங்கா எரியுது. ஈரம்னா பெட்ரோல் உள்ள வருது, ஆனா எரியல. அதாவது உன் போட்ட ஒத்த சிலிண்டர்தான் தள்ளுது. ஸ்டார்ட் ஆகுது, ஸ்லோவுல நிக்குதுன்னு ஏமாந்துறாத, ரெண்டு சிலிண்டர் என்ஜின் ஒண்ணுலயே ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவும் ஓடும், லோடு குடுக்கும்போதுதான் மாட்டிக்கும்.

இத உறுதி பண்ண போட்ட உப்பனாத்துல தண்ணியில வச்சே பாரு, கரையில வச்சு காஞ்ச என்ஜின முறுக்காத, தண்ணி பம்பு ரப்பர் நிமிஷத்துல போயிடும். என்ஜின நிறுத்திட்டு மேல ப்ளக்கோட கேப்ப (ப்ளக் தலையில ஒயரோட சொருகியிருக்கிற ரப்பர் மூடிய) கழட்டி, அந்த கேப்புல ஒரு பழைய ப்ளக்க சொருகி அதோட இரும்ப என்ஜின் பிளாக்குல நல்லா ஒட்டுற மாதிரி கட்டு, ஒயர சும்மா அந்தரத்துல தொங்க விட்டா சிடிஐ யூனிட்டே (ஸ்பார்க்குக்கு கரண்ட் அனுப்புற எலக்ட்ரானிக் பெட்டி) போக சான்ஸ் இருக்கு. இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஓட்டத்துல ஒரு மாத்தமும் இல்லன்னா மேல சிலிண்டர் ஏற்கனவே செத்துதான் கெடக்கு. அப்புறம் அதே மாதிரி கீழ உள்ளத கழட்டிப் பாரு, அதுக்கு என்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது.

புது ப்ளக் போட்டும் ஏன் எரியலங்கிறதுக்கு நான் மொதல்ல பாக்குறது அந்த ப்ளக் கேப்புக்குள்ளதான், எல்லாரும் கடைசியா பாக்குற எடம் அது. ரப்பர மடக்கி டார்ச் அடிச்சுப் பாரு, பச்சையா பாசி மாதிரி பூத்திருக்கும், உப்புக்காத்துல செம்பு அப்படித்தான் ஆகும், மூணு மாசம் கரையில மூடாம கெடந்ததுன்னா கேக்கவே வேணாம். கேப் திருகி எடுக்குற மாதிரி இருந்தா எடுத்துட்டு ஒயர் நுனிய அரை விரக்கடை வெட்டி பளபளன்னு செம்பு தெரிஞ்ச பின்னாடி திரும்ப திருகு. போன மாசம் சோதிகுப்பத்துலேர்ந்து வந்த ஒரு என்ஜினுக்கு நான் செஞ்ச வேலையே இவ்வளவுதான், அதுக்கு காசு கேக்க எனக்கே கூச்சமா இருந்துச்சு (ஆனா வாங்கிட்டேன்).

அப்பவும் ஸ்பார்க் வரல, இல்ல செவப்பா நூல் மாதிரி வருதுன்னா, ரெண்டு காயில் (ப்ளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்குறது) தனித்தனியா இருக்கிற மாடல்னா மேல காயில கீழ போடு, கீழ உள்ளத மேல போடு. நோவு காயிலோட கூடவே எடம் மாறுனா காயில்தான், மாறலன்னா சிடிஐ பக்கம் போகணும். பெட்ரோல் டேங்க தள்ளி வச்சிட்டு இந்த வேலையெல்லாம் பாரு.

ஸ்பார்க் நீலமா சடசடன்னு வருது, அப்பவும் எரியலன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள பிஸ்டன் அமுக்குற அழுத்தம், அத பாக்கணும். ரெண்டு ப்ளக்கையும் கழட்டி, கில் ஸ்விட்ச்ச எடுத்துட்டு, ஆக்சிலேட்டர ஃபுல்லா முறுக்கி வச்சு, கம்ப்ரஷன் கேஜ் மாட்டி கயித்த நாலஞ்சு தடவ இழுத்து ரெண்டு சிலிண்டரையும் பாரு. எவ்வளவு காட்டுதுங்கிறத விட ரெண்டும் சமமா இருக்காங்கிறதுதான் முக்கியம், நூத்துக்கு பத்துக்கு மேல வித்தியாசம் வந்தா ரிங் தேஞ்சிருக்கும் இல்ல ஹெட் கேஸ்கட் போயிருக்கும். கேஸ்கட் போயிருந்தா உப்புத்தண்ணி உள்ள எறங்கும், அந்த ப்ளக்க நக்கிப் பாத்தா உப்பு கரிக்கும்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, எதுக்கு அந்த வேலை, ப்ளக் ஓரத்துல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னு பாத்தாலே போதும். கம்ப்ரஷன் செத்திருந்தா மட்டும் அந்த புது என்ஜின் பேச்ச எடு.

இன்னொண்ணு. உனக்கு இது இல்ல, ஏன்னா உனக்கு மொனகுதுன்னு எழுதியிருக்க, ஆனா படிக்கிற வேற யாருக்காவது உதவும். என்ஜின் மொனகாம நேர்மாறா கத்துது, ஆர்பிஎம் ஏறுது, போட்டு மட்டும் நகரலன்னா என்ஜின தொடவே வேணாம். ப்ரொப்பெல்லருக்கு நடுவுல ஒரு ரப்பர் புஷ் இருக்கு, அது வழுக்குது. உள் குழாய்லேர்ந்து வெளி ஓடு வரைக்கும் பெயின்ட்ல ஒரே நேர்கோடு போட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வா, கோடு ரெண்டு துண்டா வெலகி நின்னா அதேதான்.

கேள்வி: அண்ணே, கரையிலேர்ந்து கெளம்பும்போது சூப்பரா போகுது, பத்து நிமிஷம் ஆனா மூச்சு வாங்குது, அப்புறம் நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. பெட்ரோல் டியூப்புல இருக்கிற ரப்பர் பல்ப அமுக்குனா சரியாகுற மாதிரி இருக்கு.
– வாசகர், வீராம்பட்டினம்

பதில்: சிரிக்கக்கூடாது, டேங்க் மூடி மேல இருக்கிற காத்து திருகாணிய தொறந்தியா? அது மூடியிருந்தா பெட்ரோல் போகப் போக டேங்க்குக்குள்ள காத்து இல்லாம இழுக்க முடியாம நின்னுடும். அடுத்த தடவ நிக்கும்போது மூடிய லேசா திருகு, உஸ்னு சத்தம் வந்தா முடிஞ்சது கதை.

அது தொறந்துதான் இருந்துச்சுன்னா ஃப்யூவல் பம்ப பிரிச்சு அந்த மெல்லிசு டயாஃப்ரம்ம எடுத்து வெயில்ல புடிச்சுப் பாரு, ஊசி முனை மாதிரி ஒரு வெளிச்சம் தெரிஞ்சாலும் மாத்திடு. நீ கையால பல்ப அமுக்கும்போது அந்த பம்பு செய்ய வேண்டிய வேலையதான் செஞ்சிட்டு இருக்க.

அதுவும் இல்லன்னா பெட்ரோலையே பாரு. பாண்டில பெட்ரோல் ரேட் கம்மிங்கிறதால கேன் கேனா வாங்கி வைக்கிற பழக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இருக்கு, இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்த உறிஞ்சும், அளவு மீறுனா தண்ணியோட சேந்து அடியில தனியா எறங்கிடும். டேங்க் அடியிலேர்ந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு வச்சுப் பாரு, நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரெண்டா பிரிஞ்சு நின்னா அந்த டேங்க என்ஜினுக்கு குடுக்காத, பெட்ரோல்ல கலந்து வச்ச ஆயில் மேல பெட்ரோலோட நின்னுக்கும், அடியில இருக்கிறது ஆயிலே இல்லாம என்ஜினுக்குள்ள போகும்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் என்ஜினுக்கு நல்லதுன்னு ஆயில ரெண்டு மடங்கு ஊத்துறாரு, ஆயில் வாங்கியே காசு போகுது. அதுவும் பைக்குக்கு ஊத்துற 2டி ஆயில். சரியா?
– வாசகி, தேங்காய்த்திட்டு

பதில்: தப்பும்மா, ரெண்டுமே. 50க்கு 1ன்னு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) புக்குல போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்க்குக்கு 480 மில்லி, அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம். கூட ஊத்துனா கரி புடிச்சு ப்ளக் அடைச்சு இழுவைதான் கொறையும். டப்பாவுல TC-W3 (டிசி-டபிள்யூ3)ன்னு போட்டிருக்கிற ஆயில் வாங்குங்க, தண்ணியில குளுந்து ஓடுற என்ஜினுக்குன்னே செய்யறது அது, பைக் ஆயில் இதுல சாம்பலா படியும். அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாருன்னு தெரியும்.